ஊசியைக் கடைசியில் வாங்குங்கள்: நரம்பியல் நிபுணர் இல்லாத மருத்துவமனையில் பக்கவாதப் பிரிவு தொடங்க ஒரு வழிகாட்டி

சிடி ஸ்கேன் இருக்கிறது, நரம்பியல் நிபுணர் இல்லை. ஒரு ட்யூட்டி டாக்டர், வார்டுக்கு இரண்டு செவிலியர், நாற்பது நோயாளிகள். தமிழ்நாட்டில் பல மாவட்ட, தாலுகா அரசு மருத்துவமனைகளின் நிலை இதுதான். அப்படிப்பட்ட இடத்தில் பக்கவாத சிகிச்சையை ஒழுங்குக்குக் கொண்டுவர நினைக்கும் பொது மருத்துவர், வார்டுப் பொறுப்புச் செவிலியர், ஆர்எம்ஓ (நிலைய மருத்துவ அலுவலர்) ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

இரண்டு மருத்துவமனைகளில் இதைச் செய்திருக்கிறேன். முதல் இடத்தில் தலைகீழாகத் தொடங்கினோம். அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தை முதலில் வாங்கி வைத்தோம். எட்டு மாதத்தில் இரண்டு பேருக்குத்தான் போட முடிந்தது; மீதிக் குப்பிகள் அலமாரியிலேயே காலாவதியாகிவிட்டன. அதே எட்டு மாதத்தில், ஊசிக்கான நேரம் (தாக்கியதிலிருந்து நாலரை மணி நேரம்) தாண்டி வந்து வார்டில் படுத்தவர்கள் பலர் நிமோனியாவில் போனார்கள். அவர்களைக் காப்பாற்ற விலை உயர்ந்த எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவது இடத்தில் வரிசையை மாற்றினோம். கீழே இருப்பது அந்த வரிசை.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பொருட்கள் அதிகம் வேண்டாம். குளுக்கோமீட்டர், அதற்கான ஸ்ட்ரிப் (ஸ்ட்ரிப் தீர்ந்த குளுக்கோமீட்டர்தான் பல வார்டுகளில் கிடக்கிறது), தெர்மாமீட்டர், பிபி கருவி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், சக்‌ஷன், ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்), படுத்த நோயாளிக்கு எடை பார்க்க ஏதாவது ஒரு வழி.

அப்புறம் கடிகாரங்கள். கேஷுவாலிட்டி, சிடி அறை, வார்டு மூன்றிலும் ஒரே நேரம் காட்ட வேண்டும். எங்கள் முதல் மாதக் கணக்கில் ஒருவர் மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே சிடி எடுத்திருந்தார்! விசாரித்தால், சிடி கணினியின் கடிகாரம் பதினொரு நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்கள்: இரவிலும் போனை எடுக்கும் பொது மருத்துவர் ஒருவர், குறைந்தது ஆறு மாதம் வார்டு மாற்றாமல் வைக்கக்கூடிய செவிலியர் நால்வர், பிசியோதெரபிஸ்ட் ஒருவர். அவர் வாரத்தில் மூன்று நாள் வந்தாலும் சரி.

கடைசியாக ஒரு கடிதம். ‘பக்கவாத அறிகுறியுடன் வருபவருக்கு முதலில் சிடி, பிறகு சீட்டு, பிறகு கட்டணம்’ என்று மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் கையெழுத்துடன் ஒரு உத்தரவு. இது இல்லாமல் சிடி டெக்னீஷியன் மறுத்தால் அவர்மீது தவறு சொல்ல முடியாது. தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். வாய்மொழியாகச் சொன்னது அடுத்த ஷிஃப்டுக்குப் போய்ச் சேராது.

2. ஒரு மாதம் நேரத்தை மட்டும் குறியுங்கள்

எதையும் மாற்றாமல், வருகிற ஒவ்வொரு பக்கவாத நோயாளிக்கும் ஆறு நேரங்களை மட்டும் எழுதுங்கள்: கடைசியாக நன்றாக இருந்த நேரம், வாசலுக்கு வந்த நேரம், மருத்துவர் பார்த்த நேரம், சிடி எடுத்த நேரம், சிடியை ஒருவர் படித்துச் சொன்ன நேரம், வாய்வழியாக முதலில் ஏதாவது கொடுத்த நேரம்.

எங்கே ஓட்டை என்று தெரியாமல் அடைக்க முடியாது என்பதுதான் காரணம். சிடி மெஷின் பழசு, அதனால்தான் தாமதம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கணக்கைப் பார்த்தால் மெஷினில் ஆனது ஐந்தாறு நிமிடம். மிச்சமெல்லாம் ஓபி சீட்டு வரிசையிலும் ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் தேடுவதிலும் போயிருந்தது.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, நாற்பது கட்டம் உள்ள படிவம் அடிப்பது. இரண்டு வாரம் நிரப்புவார்கள், மூன்றாவது வாரம் பேனா நின்றுவிடும். இன்னொன்று, சராசரியைப் பார்ப்பது. ஒரு நோயாளி ஒன்பது மணி நேரம் காத்திருந்தால் சராசரியே தாறுமாறாகிவிடும். நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பாருங்கள்.

ஆறில் முதல் நேரம்தான் கடினம். ‘எப்ப ஆச்சு?’ என்று கேட்டால் குடும்பத்தார் சொல்வது அவர்கள் கண்ணில் பட்ட நேரத்தை. நமக்கு வேண்டியது கடைசியாக நல்லபடியாக இருந்த நேரம். ஒரு காலை ஏழேகாலுக்கு வந்த அம்மாவிடம் நடந்த பேச்சு இது.

‘எப்பம்மா இப்படி ஆச்சு?’

‘காலையில ஆறு மணிக்குங்க சார்.’

‘ஆறு மணிக்கு நடந்துட்டு இருந்தாரா?’

‘இல்லைங்க. எழுப்பினேன், எந்திரிக்கல. வாய் ஒரு பக்கமா போயிருந்துச்சு.’

‘ராத்திரி கடைசியா எப்ப பேசினாரு?’

‘பத்து மணிக்கு சுகர் மாத்திரை கொடுத்தேங்க.’

அப்படியென்றால் கடிகாரம் இரவு பத்துக்குத் தொடங்குகிறது, நேரம் முடிந்துவிட்டது. பல டாக்டர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எங்கள் செவிலியர் ஒருவர் இன்னொரு கேள்வி கேட்டார்: ‘நடுவுல ஒன்னுக்குப் போக எழுந்தாராம்மா?’

‘நாலு மணிக்கு எழுந்தாருங்க. நாய் ஏன் இப்படிக் குரைக்குதுன்னு கேட்டுட்டுப் படுத்தாரு.’

நாலு மணிக்கு நடந்திருக்கிறார், தெளிவாகப் பேசியிருக்கிறார். ஊசிக்கான நாலரை மணி நேரம் எட்டரை வரை இருக்கிறது. அந்த ஒரு கேள்வியை இப்போது எங்கள் தாளில் அச்சடித்து வைத்திருக்கிறோம்.

3. ஆறு கட்டில்களை ஒன்றாகப் போடுங்கள்

பக்கவாத நோயாளிகளை ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு, வராந்தா என்று சிதறவிடாமல் ஒரே இடத்தில் வைத்து, பழகிய செவிலியர்கள் பார்த்துக்கொள்வதையே ஸ்ட்ரோக் யூனிட் என்கிறோம். புதுக் கட்டடம் வேண்டாம். செவிலியர் மேசைக்கு எதிரே நான்கு அல்லது ஆறு கட்டில், நடுவில் ஒரு திரை, போதும்.

ஊசி ஒரு சிலருக்குத்தான் பொருந்தும். கட்டில் எல்லோருக்கும் பொருந்தும்: மூளைக் குழாய் அடைபட்டவர் (அடைப்பு), குழாய் வெடித்து ரத்தம் கசிந்தவர் (கசிவு), இளையவர், முதியவர், தாமதமாக வந்தவர், எல்லோருக்கும். அஸ்ஸாமின் தேஜ்பூரில் உள்ள பாப்டிஸ்ட் கிறிஸ்டியன் மருத்துவமனையில் நரம்பியல் நிபுணர் இல்லாமலேயே பொது மருத்துவர்கள் இப்படி ஒரு பிரிவை நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

இரண்டு தவறுகளை எதிர்பாருங்கள். ஒன்று, டெங்குக் காலத்தில் இந்தக் கட்டில்களைத்தான் முதலில் கேட்பார்கள். நான்கைக் கொடுத்தாலும் இரண்டை விடாதீர்கள். முழுவதும் போனால் திரும்பி வராது. இரண்டு, செவிலியரை மாதாமாதம் மாற்றுவது. பழகிய கை போய்விட்டால் மிஞ்சுவது வெறும் கட்டில்தான்.

4. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. செவிலியர்கள் முதல் 72 மணி நேரம் காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் மூன்றையும் முறையாகக் கவனித்த இடங்களில், 90 நாள் கழித்து இறந்தவர்களும் பிறர் தயவில் வாழ்பவர்களும் சேர்ந்து 42 சதவீதம். வழக்கம்போல் நடந்த இடங்களில் 58 சதவீதம். புது மருந்தோ மெஷினோ எதுவும் அதில் இல்லை.

காய்ச்சல்: நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். 37.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பாராசிட்டமால். நம் வார்டுகளில் சார்ட்டில் ஃபாரன்ஹீட்தான் எழுதுகிறோம், எனவே சுவரில் 99.5 என்று எழுதி ஒட்டுங்கள். ‘நூறு வந்தா சொல்றேன் சார்’ என்பது நம் பழக்கம். அடிபட்ட மூளைக்கு அந்த அரை டிகிரியும் சுமைதான்.

சர்க்கரை: வந்தவுடன் ஒருமுறை, பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது. 180-ஐத் தாண்டி நின்றால் டாக்டருக்குச் சொல்லி இன்சுலின். வந்த உடனே பார்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு: சர்க்கரை தாழ்ந்தாலும் கை கால் விழும், பேச்சு குழறும். 40 இருந்த ஒருவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து ‘என் செருப்பு எங்கே’ என்றார். சிடிக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியில்தான் அது நடந்தது.

விழுங்குதல்: இதில்தான் ஆளை இழக்கிறோம். தொண்டைத் தசை பலவீனமாக இருக்கும்போது கொடுக்கும் ஒரு வாய் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். மூன்றாம் நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் நிமோனியா. சோதனை முடியும்வரை சோறு, தண்ணீர், மாத்திரை எதுவும் வாய்வழி கூடாது. ஆஸ்பிரினும் கூடாது, அதை ரைல்ஸ் டியூபிலோ ஆசனவாய் வழியாகவோ கொடுக்கலாம்.

சோதனை எளிது. நோயாளி விழித்திருக்க வேண்டும், நேராக உட்கார வைக்க முடிய வேண்டும், கேட்டால் இரும வேண்டும். இதில் ஏதாவது இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். இருந்தால் ஒரு டீஸ்பூன் தண்ணீர், மூன்று முறை. ஒவ்வொரு முறையும் தொண்டை மேலேறி இறங்குகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள், பிறகு ‘ஆ’ சொல்லச் சொல்லுங்கள். குரல் ஈரமாக, கொளகொளவென்று மாறினால் தோல்வி. இருமினாலோ, ஓரத்தில் ஒழுகினாலோ, மூச்சு வாங்கினாலோ தோல்வி. தேறினால் அரை டம்ளர் கொடுத்து மறுபடி அதே கவனம். தோற்றவருக்கு அடுத்த நாள் மறுபடி செய்து பாருங்கள். பலருக்குச் சில நாளில் திரும்பிவிடும்.

கட்டிலின் தலைமாட்டில் ‘வாய்வழி எதுவும் தர வேண்டாம்’ என்று அட்டை தொங்கவிட்டோம். பலனில்லை. ஒரு மகன் அட்டைக்கு நேர் கீழே நின்று, பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி ஆற்றி, அப்பாவின் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். ‘ரெண்டு நாளா பட்டினியா கெடக்காரு சிஸ்டர், பாத்துட்டு இருக்க முடியல.’ அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, உண்மையாகவே பட்டினி போட்டிருந்தோம். அன்றிலிருந்து சோதனையில் தோற்றவருக்கு உடனே ரைல்ஸ் டியூப் போட்டு, முதல் கஞ்சியை உறவினர் முன்னிலையிலேயே ஊற்றுகிறோம். வயிறு நிறைகிறது என்று கண்ணால் பார்த்தவர் பிளாஸ்கைத் திறப்பதில்லை. (ஊசி போட்டவருக்கு டியூப் விஷயம் வேறு, 7-ஆம் பகுதியில் வருகிறது.)

5. வாசலிலிருந்து சிடி வரை ஒருமுறை நீங்களே ஸ்ட்ரெச்சர் தள்ளுங்கள்

நிஜமாகவே தள்ளுங்கள். ஒரு ஹவுஸ் சர்ஜனைப் படுக்கவைத்து, ஸ்டாப்வாட்சுடன், காலை பத்து மணிக்கு ஒருமுறை, இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை. இரவில் லிப்ட் ஆபரேட்டர் இல்லை என்பதும், குறுக்கு வழிக் கதவுக்குப் பூட்டு என்பதும், சாவி வாட்ச்மேனிடம் என்பதும் அப்போதுதான் தெரியும்.

பின்லாந்தின் ஹெல்சிங்கி மருத்துவமனை வாசலிலிருந்து ஊசிவரை ஆகும் நேரத்தை 1998-இல் 105 நிமிடமாக இருந்ததிலிருந்து 2011-இல் 20 நிமிடமாகக் குறைத்தது. பணக்கார நாடு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர்கள் செய்ததில் பெரும்பாலானவை காசில்லாத வேலை: ஆம்புலன்சிலிருந்து முன்கூட்டியே போன், வந்த ஸ்ட்ரெச்சரிலேயே நேராக சிடி, மருந்து சிடி மேசையிலேயே. நமக்கு 108 இருக்கிறது. ஆம்புலன்சில் வரும் இஎம்டியிடம் (அவசர மருத்துவ உதவியாளர்) கேஷுவாலிட்டி எண்ணைக் கொடுத்து, வரும் வழியிலேயே கூப்பிடச் சொல்லுங்கள். ‘கடைசியா நல்லா இருந்த நேரம்’, சர்க்கரை, மாத்திரைச் சீட்டு மூன்றையும் கேட்டு வைத்தால் பத்து நிமிடம் மிச்சம்.

வாசலில் செய்ய வேண்டியது: சர்க்கரை, பிபி, ஒரு ஐவி லைன், ரத்த மாதிரி, எடை. அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனை முடிவுக்காக சிடியை நிறுத்த வேண்டாம்.

செய்யக் கூடாதது ஒன்று: பிபி 200 இருக்கிறதே என்று பதறி நாக்கின் அடியில் நிஃபெடிபின் என்ற பிபி மருந்தை வைப்பது. வெளியே சின்னக் கிளினிக்குகளில் இன்றும் நடக்கிறது. அடைபட்ட குழாய்க்கு அப்பால் இருக்கும் மூளை அந்த அழுத்தத்தை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. திடீரென்று இறக்கினால் அந்தப் பகுதியும் போகும். அடைப்பு என்று தெரிந்து, ஊசியும் போடப்போவதில்லை என்றால் 220/120 வரை பெரும்பாலும் தொட வேண்டியதில்லை.

சிடியை யார் படிப்பது? முதல் கேள்வி ஒன்றுதான்: வெள்ளையாக ரத்தம் இருக்கிறதா? இதைப் பொது மருத்துவர் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். சந்தேகமானால் பெரிய மருத்துவமனை நரம்பியல் நிபுணருக்குப் போனில் அனுப்புங்கள். ஹிமாச்சலப் பிரதேசத்தில் மாவட்ட மருத்துவமனைப் பொது மருத்துவர்கள் நிபுணரிடம் ஸ்மார்ட்போன் வழியே கேட்டு ஊசி போட்ட முறை பலன் தந்திருக்கிறது. ஆனால் ஃபிலிமை ட்யூப்லைட்டில் பிடித்து எடுத்த போட்டோ எதற்கும் உதவாது. கணினித் திரையில் ஒவ்வொரு வெட்டாக நகர்த்தி வீடியோ எடுங்கள். நோயாளியின் பெயர் திரையில் தெரியாமல் மறைத்துவிடுங்கள்.

6. ரத்தக்கசிவு என்றால் கைவிடாதீர்கள்

‘ஹெமரேஜ், ரெஃபர்’ என்று எழுதிவிட்டு நகர்வது நம் பழைய வழக்கம். 2023-இல் வெளியான இன்டராக்ட்-3 ஆய்வில் இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளின் 121 மருத்துவமனைகள் இருந்தன, 7,000 நோயாளிகளுக்கு மேல். ஒரு மணி நேரத்துக்குள் மேல் பிபியை 140-க்குக் கீழ் கொண்டுவருவது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது, காய்ச்சலை 37.5-க்குள் வைப்பது, வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுபவருக்கு அதை முறிப்பது. இந்த நான்கையும் சேர்த்துச் செய்த இடங்களில் நோயாளிகள் மேம்பட்டார்கள்.

நான்கையும் நம் ஊரிலேயே செய்யலாம். பிபியை 130-க்கும் கீழே தள்ளிவிடாதீர்கள். அறுவை சிகிச்சைக்காக அனுப்ப வேண்டியவரையும் பிபியை இறக்கத் தொடங்கிய பிறகே ஏற்றுங்கள். இரண்டு மணி நேரப் பயணம் முழுக்க 210 இருந்தால், போய்ச் சேரும்போது கசிவு பெரிதாகியிருக்கும்.

7. இப்போது ஊசி

இதுவரை உள்ளவை மூன்று மாதம் தடுமாறாமல் ஓடிய பிறகு மருந்துக்கு இண்டென்ட் (வாங்கித் தரக் கோரிக்கை) போடுங்கள். அதற்குமுன் போட்டால் என் முதல் மருத்துவமனையின் கதைதான்.

அடைப்பைக் கரைக்கும் மருந்துகள் இரண்டின் அளவு: ஆல்டெபிளேஸ் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அதிகபட்சம் 90. அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு நிமிடத்தில், மீதி ஒரு மணி நேரத்தில். டெனெக்டெபிளேஸ் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், அதிகபட்சம் 25, ஒரே தடவையாக. பம்ப் இல்லாத இடத்துக்கு இரண்டாவது வசதி.

அதிலேயே ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. அதே டெனெக்டெபிளேஸ் மாரடைப்புக்கும் போடுகிறோம், ஏறக்குறைய இரண்டு மடங்கு அளவில். அவசரத்தில் சிசியூவிலிருந்து (இதய தீவிர சிகிச்சைப் பிரிவு) குப்பியை வாங்கி வந்து, கைப்பழக்கத்தில் முழுவதையும் ஏற்றினால் தலைக்குள் ரத்தம். பக்கவாதக் குப்பியைத் தனிப் பெட்டியில், சிவப்பு நாடா ஒட்டி வையுங்கள். 40 கிலோ முதல் 100 கிலோ வரை எடைக்கு நேரே மில்லிலிட்டர் எழுதிய அட்டையைப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். போடுமுன் இருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். எடையை உறவினரிடம் கேட்காதீர்கள், குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள்.

போடலாமா என்பதற்குத் தாளில் ஒரு பக்கச் சரிபார்ப்பு: நாலரை மணி நேரத்துக்குள்ளா, சிடியில் ரத்தம் இல்லையா, மூன்று மாதத்துக்குள் பலத்த தலைக்காயமோ பக்கவாதமோ உண்டா, அண்மையில் பெரிய அறுவை உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறாரா, பிபி 185/110-க்குக் கீழ் இருக்கிறதா. பிபி கூடுதலாக இருந்தால் லாபெட்டலால் கொடுத்து இறக்கிய பிறகு போடலாம். போட்ட பிறகு 24 மணி நேரம் 180/105-ஐத் தாண்டக் கூடாது.

சம்மதம் வாங்கும்போது நம்மவர்கள் பயமுறுத்திவிடுகிறார்கள். ‘ரத்தம் கசிஞ்சு சாகலாம், கையெழுத்து போடுங்க’ என்றால் யார் போடுவார்கள்? நாங்கள் சொல்வது இப்படி: ‘மூளைக்குப் போற குழாய் அடைச்சிருக்கு. இந்த ஊசி அதைக் கரைக்கப் பார்க்கும். போட்டா எழுந்து நடக்க வாய்ப்பு கூடும். நூத்துல அஞ்சாறு பேருக்கு உள்ளே ரத்தம் கசியலாம், அது உயிருக்கே ஆபத்தாகலாம். நேரம் போகப் போக பலன் குறையும்.’ ஊரிலிருந்து சித்தப்பா வந்து சொல்லட்டும் என்றால், அவரிடம் ஸ்பீக்கர் போனில் நீங்களே பேசுங்கள்.

ஊசிக்குப் பின்: பிபி முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒருமுறை. ரைல்ஸ் டியூபையும் யூரின் டியூபையும் முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். அடுத்த சிடி பார்க்கும்வரை, அதாவது 24 மணி நேரம், ஆஸ்பிரின் கிடையாது. புதிதாகத் தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் உடனே சிடி. ஊசி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள்.

பெரிய குழாய் அடைப்பு என்று சந்தேகம் வந்தால், ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுக்கும் வசதியுள்ள இடத்துக்கு அனுப்புங்கள். ஊசிக்குத் தகுதி இருந்தால் அதைப் போட்டுவிட்டே அனுப்புங்கள்.

8. மாத்திரைகள்

ஊசி போடாத அடைப்பு நோயாளிக்கு, சிடியில் ரத்தம் இல்லை என்று பார்த்த பிறகு ஆஸ்பிரின் 160 முதல் 300 மில்லிகிராம், 48 மணி நேரத்துக்குள். சிடி பார்க்காமல் வேண்டாம். லேசான பக்கவாதம், அல்லது வந்து மறைந்துவிட்ட தாக்குதல் என்றால் 24 மணிக்குள் ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரெல் சேர்த்து 21 நாள்; பிறகு ஒன்று மட்டும். இரண்டையும் வருடக்கணக்கில் தொடர்வதைப் பார்க்கிறேன். 22-ஆம் நாள் எந்த மாத்திரையை நிறுத்துவது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி போட்டு எழுதாததுதான் காரணம்.

எல்லோருக்கும் ஒரு ஈசிஜி எடுங்கள். நாடி தாறுமாறாக ஓடினால் வழி வேறு.

9. எழுப்புவது, புரட்டுவது, தோளைக் காப்பது

எவ்வளவு சீக்கிரம் எழுப்புகிறோமோ அவ்வளவு நல்லது என்று நானும் நம்பியிருந்தேன். 2015-இல் வந்த அவர்ட் ஆய்வு, முதல் 24 மணிக்குள் அதிகமாக, அடிக்கடி எழுப்பியவர்களுக்குப் பலன் குறைந்ததைக் காட்டியது. இப்போது முதல் நாள் படுக்கையிலேயே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது மட்டும். அடுத்த நாளிலிருந்து சிறுகச் சிறுக உட்கார வைக்கிறோம்.

செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் அப்படித்தான். தசை தளர்ந்த தோள் மூட்டு நழுவிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலி. வார்டு ஆயாவுக்கும் அட்டெண்டருக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். தூக்குவது அவர்கள்தானே.

பயிற்சி முழுவதையும் குடும்பத்தின் தலையில் கட்டிவிடலாம் என்று தோன்றும். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து அட்டெண்ட் என்ற ஆய்வு அதைச் சோதித்தது. 2017-இல் வந்த முடிவு: குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பியதால் மட்டும் கூடுதல் பலன் இல்லை. குடும்பத்துக்குப் புரட்டவும் ஊட்டவும் சொல்லிக்கொடுங்கள். பிசியோதெரபிஸ்ட் பணியிடத்தைக் கேட்பதை அதற்காக விட்டுவிடாதீர்கள்.

10. வீட்டுக்கு அனுப்புமுன்

முதல் பக்கவாதத்தில் தப்பியவர் இரண்டாவதில் போவதற்கு ஒரு முக்கியக் காரணம், பிபி மாத்திரை தீர்ந்துபோவது. குறுஞ்செய்தி, வீடியோ அனுப்பி நினைவூட்டிப் பார்த்த ஸ்பிரின்ட் இந்தியா ஆய்வில், 31 மையங்களில் செய்தும் அடுத்த தாக்குதல்கள் குறையவில்லை. போனில் செய்தி வருவது வேறு, கையில் மாத்திரை இருப்பது வேறு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவருக்குப் பிசியோதெரபியும் வருகிறது. டிஸ்சார்ஜ் அன்று அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் செய்து பெயரைச் சேர்ப்பது வார்டுச் செவிலியரின் வேலை. ‘போய்ப் பதிஞ்சுக்கோங்க’ என்று சொல்லி அனுப்பினால் நடக்காது. மாத்திரை கைக்கு வர ஒரு மாதம் ஆகலாம், எனவே ஒரு மாதத்துக்கான மாத்திரையைக் கொடுத்தே அனுப்புங்கள்.

புறா ரத்தம் தேய்ப்பது, எண்ணெய் வைத்தியம், கோயிலில் தங்குவது பற்றி நீங்களாகவே கேளுங்கள். திட்டினால் மறைப்பார்கள். ‘எதை வேணும்னாலும் செய்யுங்க, பிபி மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க’ என்று சொன்ன பிறகுதான் எங்களிடம் திரும்பி வருகிறவர்கள் கூடினார்கள்.

11. ஊருக்குச் சொல்வது

இதை வேண்டுமென்றே பின்னால் வைத்திருக்கிறேன். வாசல் தயாராகுமுன் ஊரைக் கூப்பிட்டால், ஓடி வந்தவர் வரிசையில் நிற்பார். அடுத்த தடவை அந்தத் தெருவிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

சொல்ல வேண்டியது குறைவு: வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால், உடனே 108. வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். மாத்திரைச் சீட்டையும், கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்தவரையும் கூடவே அழைத்து வாருங்கள். எந்த மருத்துவமனை என்பதையும் சொல்லுங்கள். பக்கத்திலேயே இருந்தாலும் சிடி இல்லாத இடத்தில் இறங்கினால் ஒரு மணி நேரம் போச்சு.

மண்டபம் பிடித்து பேனர் கட்டி நடத்திய விழாவால் எங்களுக்கு ஒரு நோயாளிகூடச் சீக்கிரம் வரவில்லை. ஆட்டோ ஸ்டாண்ட், மெடிக்கல் ஷாப், கிராமச் செவிலியர் ஆகிய மூன்று இடங்களில் பேசியதுதான் வேலை செய்தது. குறிப்பாக மெடிக்கல் ஷாப். வாய் கோணிய அப்பாவுக்கு மாத்திரை கேட்டு மகன் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

12. மாதம் ஒருமுறை அரை மணி நேரம்

முதல் வியாழன், மதியம் இரண்டு மணி, டீ உண்டு. டாக்டர், செவிலியர், சிடி டெக்னீஷியன், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், வாட்ச்மேன். அந்த மாதத்தின் ஆறு நேரங்களைப் பலகையில் எழுதுங்கள். எது நீளமோ அதை மட்டும் பேசுங்கள். யார் செய்தது என்று கேட்காமல் எந்த இடத்தில் நின்றது என்று கேளுங்கள். ஆளைக் கேட்டால் அடுத்த மாதம் நேரங்கள் எல்லாம் அழகாக மாறிவிடும், நோயாளி அங்கேயே நிற்பார்.

உங்களுக்கு மாற்றல் வரும். அதற்கு முன்பே ஒரு ஃபைல் போட்டு வையுங்கள்: கண்காணிப்பாளரின் உத்தரவு, எடை அட்டையின் பிரதி, விழுங்கும் சோதனைத் தாள், போனில் உதவும் நிபுணரின் எண், அடுத்த இண்டென்ட் போட வேண்டிய தேதி, குறுக்கு வழிக் கதவின் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது என்ற குறிப்பு. ஃபைல் ஆர்எம்ஓ அறையில் வேண்டாம். வார்டில், செவிலியர் மேசையின் இரண்டாவது டிராயரில் இருக்கட்டும்.